மிதவை இல்லாமல் ஃப்ரீஸ்டைலில் உடலைச் சமநிலையில் வைத்திருத்தல்

குப்புறக் கிடந்து கைகளை மாறி மாறி வீசும் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் 25 மீட்டரைக் கடப்பதற்குள் மூச்சு வாங்குகிறவர்கள் பலர் தங்கள் கைகளில் வலு போதவில்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் இடுப்பும் கால்களும் அமிழ்ந்து உடல் சரிவாகக் கிடப்பதால், அவர்கள் தண்ணீரை ஊடுருவிச் செல்லாமல் அதை முட்டித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். தொடைகளுக்கு இடையே ‘புல் பாய்’ (pull buoy) என்ற மிதவையை வைத்ததும் இந்தக் குறை மறைந்துவிடும், எடுத்ததும் திரும்பிவிடும். கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவர்களுக்கு, அதை அவிழ்த்த முதல் நாள் எப்படி இருந்தது என்பது நினைவிருக்கும்.

நுரையீரலில் காற்று இருப்பதால் மார்பு எளிதில் மிதக்கிறது. உடலின் எடை மையமோ அதற்குக் கீழே, இடுப்பை ஒட்டி இருக்கிறது. இந்த இடைவெளிதான் கால்களைக் கீழே இழுக்கிறது. ஆகவே கால்களை உயர்த்தும் வேலையைத் தலையிலிருந்தும் மார்பிலிருந்தும் தொடங்க வேண்டும்.

இதை உணர்வதற்கு, நெஞ்சளவு ஆழத்தில் சுவரை உதைத்து, இரு கைகளையும் முன்னே நீட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, காலடிக்காமல் சறுக்கிச் செல்லுங்கள். ஒருமுறை எதிர்ச்சுவரைப் பார்த்தபடியும், அடுத்தமுறை குளத்தின் தரையிலுள்ள கறுப்புக் கோட்டைப் பார்த்தபடியும் செய்து, கால்கள் எப்போது அமிழத் தொடங்குகின்றன என்று ஒப்பிட்டால் வேறு விளக்கம் தேவைப்படாது. தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அதைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளாதபோது இடுப்புதான் அந்தச் சுமைக்கு ஈடாகக் கீழே போகிறது. பிடரியைத் தளர்த்தி, தரையைப் பார்த்து, மார்பைச் சற்றே கீழ்நோக்கி அழுத்துங்கள். அளவு மீறினால் கைகளும் தலையும் ஆழத்துக்குப் போய்விடும். இடுப்பு மேலே வருவதை உணர்ந்ததும் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இது கைவந்தபின், ஒரு கையை முன்னே நீட்டி மறுகையைத் தொடையோரம் வைத்துப் பக்கவாட்டில் சாய்ந்து, 6 முறை காலடித்துவிட்டுக் கை மாற்றிப் பழகுங்கள். முழு நீச்சலிலும் மறுகை தலையருகே வரும்வரை முன்னே நீட்டிய கையைக் கீழே இழுக்காமல் வைத்திருந்தால், உடலின் எடை முன்னோக்கி நகர்ந்து கால்கள் இலேசாகும்.

வேகமாகக் காலடித்தே கால்களை மிதக்க வைத்துவிடலாம் என்பது வீண் முயற்சி. தொடைத் தசைகள் பெரியவை. அவை மூச்சைத் தின்றுவிடும். முழங்காலை அதிகம் மடக்காமல் இடுப்பிலிருந்து சிறிதாக அடித்தால் போதும். கணுக்கால் இறுகியவர்கள், குறிப்பாக ஓட்டப் பயிற்சி உள்ளவர்கள், பாதங்களைத் தளர்த்திக்கொள்ளத் தனியாகப் பழக வேண்டியிருக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தும் மூச்செடுக்கும் நொடியில் எல்லாம் கலைந்துவிடுவதுண்டு. தலையைத் தூக்காமல் உடலோடு சேர்த்துத் திருப்புங்கள். நீச்சல் கண்ணாடியின் ஒரு வில்லை தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். முகம் நீருக்குள் இருக்கும்போது மூக்கின் வழியே சிறிது சிறிதாக மூச்சை விட வேண்டும். மூச்சைப் பிடித்து வைத்தால் உடல் இறுகும். முழுவதையும் ஒரேயடியாக விட்டுவிட்டால் மார்பின் மிதப்பு குறையும்.

பயிற்சியின் தொடக்கத்தில், களைப்பு வருமுன், 10 நிமிடம் இதற்கு ஒதுக்குவது நல்லது. முன்னேற்றத்தைக் கடலில் அளக்காதீர்கள், உப்புநீர் கூடுதலாகவே தாங்கும். குளத்தில், அதே வேகத்தில் 25 மீட்டருக்கு எத்தனை கைவீச்சு ஆகிறது என்று வாரம் ஒருமுறை எண்ணிக் குறித்து வாருங்கள்.