விரல்கள் மரத்துப்போவது நின்ற விதம்

நாள் முழுவதும் கணினியில் தட்டச்சு செய்யும் எனக்கு, வலக்கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்துப்போய்த் தூக்கம் கலையத் தொடங்கியது. அவ்விரல்களுக்குச் செல்லும் நரம்பு மணிக்கட்டிலுள்ள குறுகிய பாதையைக் கடப்பதால், மணிக்கட்டு நெடுநேரம் மேல்நோக்கி வளைந்திருந்தால் அது அழுத்தப்படுகிறது என்று இயன்முறை மருத்துவர் விளக்கினார். அன்றுதான் என் விசைப்பலகையைக் குனிந்து பார்த்தேன்: பின்பக்கத்துக் கால்கள் இரண்டும் நிமிர்த்தப்பட்டிருந்ததால் பலகை சரிந்து, கை பின்னோக்கி வளைந்தபடியே இயங்கிக்கொண்டிருந்தது. அவற்றை மடக்கினேன். முழங்கை ஏறக்குறைய 90 பாகையில் மடங்கும்படி நாற்காலியை உயர்த்தி (பாதங்கள் தொங்கியதால் அவற்றுக்கு ஒரு மணை தேவைப்பட்டது), மவுஸையும் அருகில் இழுத்துக்கொண்டேன். உறங்கும்போது மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையே எனக்கு மிகுதியும் உதவியது என்று நம்புகிறேன். 6 வாரங்களில் மரத்துப்போவது நின்றது. கட்டைவிரலின் அடித்தசை மெலிந்தாலோ, பிடி தளர்ந்தாலோ, தயவுசெய்து உடனே மருத்துவரைப் பாருங்கள்.