டோனர் செல் ஏற்றிய பிறகு: புது நர்ஸ்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கை கழுவுவது, மாஸ்க் போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். மஜ்ஜை மாற்று வார்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் வந்த புதிதில் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

ஃபில்டர்

டி.எல்.ஐ. பைக்கு, அதாவது டோனரின் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் உள்ள பைக்கு, வெள்ளையணு ஃபில்டர் போடாதீர்கள், கதிர்வீச்சும் கொடுக்கக் கூடாது. மற்ற ரத்தப் பைகளுக்குப் பழகிய கை தானாக அங்கே போகும். ஏற்ற வந்த லிம்போசைட்டே வீணாகிவிடும்.

அளவு

நோயாளியின் எடையில் கிலோவுக்கு 10 லட்சம் செல்லா, 1 கோடியா? சுழியத்தை இரண்டு பேர் எண்ணுங்கள்.

‘காய்ச்சல் வந்தா வாங்க’

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஆந்திரா, சித்தூர் மாவட்டத்துப் பலமநேர் பக்கத்துக்காரர் ஒருவர். மாற்று முடிந்தும் எதிர்ப்புச் சக்தி தேறவில்லை, சி.எம்.வி. வைரஸ் திரும்பத் திரும்பத் தலைதூக்கியது. டோனரான அண்ணனின் டி செல்களை (லிம்போசைட்டில் ஒரு வகை) குறைந்த அளவில் ஏற்றினோம். அண்ணனுக்கு அந்த வைரஸ் முன்பே வந்துபோயிருந்ததால் அவர் செல்களுக்கு அதை அடையாளம் தெரியும். வைரஸ் அடங்கியது.

ஆனால் அந்தச் செல்கள் சில வாரம் கழித்து நோயாளியின் தோல், குடல், ஈரல் மீதும் பாயலாம். அதுதான் ஜி.வி.எச்.டி. அதற்குள் ஆள் ஊருக்குப் போயிருப்பார்.

இவரும் போனார். உள்ளங்கை சிவந்து அரித்தது, சூடு என்று வேப்பிலை அரைத்துப் பூசினார்கள். கண் மஞ்சளானது, காமாலை என்று கீழாநெல்லி கொடுத்தார்கள். பேதி நிற்காத பிறகுதான் இங்கே வந்தார்கள். அப்புறம் அதிக டோஸ் ஸ்டீராய்டு. அது அண்ணனின் செல்களையும் சேர்த்து அமுக்க, சி.எம்.வி. மறுபடி எழுந்தது. அரிப்போடு வந்திருந்தால் பூச்சு மருந்திலேயே அடங்கியிருக்கலாம்.

வீட்டாரைத் திட்டி என்ன பயன்? டிஸ்சார்ஜ் அன்று புது நர்ஸ் வாயால் சொன்னது காய்ச்சலை மட்டும். அது வரவேயில்லை. மற்றதெல்லாம் தாளில் இருந்தது, தமிழில். சித்தூர், குப்பம் பக்கம் வீட்டில் தமிழ் பேசுகிற பலர் பள்ளியில் படித்தது தெலுங்கு. அவர் வீட்டு அம்மா தாளை நாலாக மடித்து ஃபைலில் பத்திரமாக வைத்திருந்தார்.

உள்ளங்கை, கண், பேதி மூன்றையும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, “அக்கா, என்னென்ன வந்தா போன் பண்ணுவீங்க?” என்று கேளுங்கள். அவர் வாயால் மூன்றும் வந்த பிறகு ஃபைலைக் கொடுங்கள்.

ஊர் கிளினிக்கில் ஊசி

என்ன மருந்து என்று எங்களிடம் கேட்காமல் வேண்டாம். ஸ்டீராய்டாக இருக்கலாம்.

உயிருள்ள தடுப்பூசி

வலுக்குறைத்த உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசி, மாற்று முடிந்து 2 ஆண்டுவரை கிடையாது. அதன் பிறகும் டாக்டர் சொன்னால்தான்.