காண்டாமிருக வண்டுக்குப் பச்சைப் பூஞ்சாணம்: செட்டிநாட்டு வெயிலில் கையாளும் முறை

பூச்சியைக் கொல்லும் பூஞ்சாணப் பொடிகளான பெவேரியாவும் மெட்டாரைசியமும் வாங்கி அடித்துவிட்டு, "ஒண்ணும் கேக்கலை" என்று சொல்கிறவர்கள் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் நிறையப் பேர். பாதி நேரம் பொடியில் குறை இருக்காது. பூச்சிமருந்தை நடத்துவது போல அதையும் நடத்தியிருப்பார்கள். பாக்கெட்டுக்குள் இருப்பது பூஞ்சாணத்தின் விதை, அதாவது வித்து. ஈரம், நிழல், பதமான சூடு, போதுமான அளவு எல்லாம் அதற்கு வேண்டும். சித்திரை வெயிலில் காய்ந்த செம்மண்ணில் நெல்லைத் தூவிவிட்டு முளைக்கவில்லை என்று யாரும் நெல்லைத் திட்டுவதில்லையே.

பூச்சியைக் கொல்லும் பூஞ்சாணங்களில் 700 இனங்களுக்கு மேல் அறியப்பட்டிருக்கின்றன. கடைக்கு வருவது விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். வெள்ளையாகப் பூப்பது பெவேரியா பாசியானா. பட்டுப்புழு சுண்ணாம்புக் கட்டி போல விறைத்துச் சாவதற்கு இதுதான் காரணம் என்று 1835-ல் இத்தாலியின் அகோஸ்டினோ பாஸி காட்டினார். அதனால் மல்பெரித் தோட்டம், பட்டுப்புழு மனை இருக்கும் பக்கம் இதைக் கொண்டுபோகவே கூடாது. நெல் இலைச்சுருட்டுப்புழுவுக்கும் புகையானுக்கும் இதுதான். பச்சையாகப் பூப்பது மெட்டாரைசியம் அனிசோப்ளியே. 1879-ல் மெச்னிகாஃப் கோதுமை வண்டின் புழுவில் கண்டெடுத்தது. மண்ணிலும் எருவிலும் கிடக்கும் புழுக்களுக்கு ஏற்றது. அசுவினி, செதில்பூச்சி, மாவுப்பூச்சிக்கு லெக்கானிசீலியம். பாக்கெட்டில் இன்னும் பழைய பெயரில் 'வெர்டிசீலியம்' என்றுதான் போட்டிருக்கும். தென்னையில் 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டிப் பரவிய சுருள் வெள்ளை ஈக்கு ஐசேரியா. நிலக்கடலையில் அடைமழை ஓய்ந்த கையோடு, இலையைப் பிடித்தபடியே வெளிர்பச்சை மாவு பூத்து விறைத்துக் கிடக்கும் புழுவைப் பார்த்திருப்பீர்கள். அது மெட்டாரைசியம் ரைலி, யாரும் அடிக்காமல் தானாக வருவது.

எல்லாவற்றுக்கும் வேலை ஒரே மாதிரிதான். பூச்சி இதைத் தின்ன வேண்டியதில்லை, மேலே பட்டால் போதும். தோலில் ஒட்டிய வித்து ஈரம் கிடைத்தால் ஒரு நாளுக்குள் முளைவிடும். தோலைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து துளைத்து உள்ளே போய், இரத்தத்தில் பெருகும். 3-ம் நாளில் தீனி குறையும், சாவதற்கு 4 முதல் 10 நாள் ஆகும். முளைவிட்ட அன்றே புழு தோலுரித்துவிட்டால் வித்தும் தோலோடு கழன்று போய்விடும். ஒரே தடவை அடித்துவிட்டு நிறுத்தக் கூடாது என்பது இதனால்தான்.

எருக்குழியில் ஆரம்பியுங்கள்

இந்த வட்டாரத்தில் பூஞ்சாணம் மிக நன்றாக வேலை செய்யும் இடம் வயலைவிட எருக்குழிதான். வெயில் படாது, ஈரம் காயாது, தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டின் புழுவும் 3 மாதத்துக்கு மேல் அங்கேயே கிடக்கும். மரத்தில் வண்டைத் தேடுவதைவிடக் குழியில் புழுவைப் பிடிப்பது சுலபம்.

அளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு கன மீட்டர் எருவுக்கு, அதாவது ஏறக்குறைய 35 கன அடிக்கு, 50,000 கோடி மெட்டாரைசியம் வித்துகள் தேவை. கடைப் பொடியில் பெரும்பாலும் கிராமுக்கு 10 கோடி வித்து என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டால் ஒரு கன மீட்டருக்கு 5 கிலோ வருகிறது. '250 மில்லி வளர்ப்புக் கரைசலில் 750 மில்லி தண்ணீர் சேர்த்து ஊற்றுங்கள்' என்ற பரிந்துரை ஆய்வகத்தில் வளர்த்த அடர்த்தியான கரைசலுக்கானது. அதைப் படித்துவிட்டுக் கடைப் பொடியை 250 கிராம் போட்டால் தேவையில் இருபதில் ஒரு பங்குதான் குழிக்குள் போகும். பிறகு எப்படிக் கேட்கும்?

10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழக் குழி என்றால் 180 கன அடி, ஏறத்தாழ 5 கன மீட்டர். கடைப் பொடியாக வாங்கினால் 25 கிலோ. கட்டுப்படியாகாது. அரிசியில் நீங்களே வளர்த்தால், நன்றாக விளைந்த கிராமில் வித்து 100 கோடியை நெருங்கும். குழிக்கு இரண்டரை கிலோ போதும்.

குழியில் இடும்போது புதுச் சாணி குவித்த பக்கத்தை விட்டுவிடுங்கள். கையை உள்ளே விட்டுப் பாருங்கள்: சுடச்சுட இருந்தால் பூஞ்சாணம் வெந்துபோகும். மக்கி, கருத்து, பிடித்தால் உதிரும் எருவில்தான் புழு இருக்கும், பூஞ்சாணமும் பிழைக்கும். பூத்த அரிசியை வாளித் தண்ணீரில் கசக்கி, கரைசலையும் சக்கையையும் சேர்த்தே மேலே ஊற்றி, மண்வெட்டியால் ஒரு முழ ஆழத்துக்குப் புரட்டிவிடுங்கள். தென்னங்கீற்றால் மூடி, வாரம் ஒருமுறை தண்ணீர் தெளித்து வாருங்கள். எருவை வயலுக்கு அடித்துவிட்டுப் புதிதாகக் குழி நிரப்பினால் அதற்கும் ஒருமுறை போட வேண்டும்.

2, 3 வாரத்தில் கிளறிப் பாருங்கள். செத்த புழு அழுகி நாறாமல் கட்டியாகக் கிடக்கும். அமுக்கினால் கொழகொழவென்று இருக்காது, உடைத்தால் சுண்ணாம்புக் கட்டி உடைவது போல உடையும். மேலே முதலில் வெள்ளை, பிறகு ஒலிவப் பச்சை மாவு. அப்படி ஒன்று கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள். குழியின் இன்னொரு மூலையில் புதைத்து வையுங்கள்.

அரிசியில் வளர்ப்பது

தாய் வித்தைப் பாக்கெட் பொடியிலிருந்து எடுக்காதீர்கள். வேறு கிருமியும் கூடவே வரும். வேளாண்மைப் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையிலோ பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்திலோ சுத்தமான வளர்ப்பு வாங்கலாம். எப்படிக் கேட்பது என்று குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

புழுங்கல் நொய் 200 கிராம். பச்சரிசி வேண்டாம், குழைந்து கட்டியாகிவிடும். கழுவி 2 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வேட்டித் துணியில் பரத்துங்கள். கையில் அள்ளினால் பருக்கை ஒட்டாமல் உதிர வேண்டும். ஈரம் மிஞ்சினால் பாக்டீரியா வந்து புளித்துப் போகும். பாலிபுரொப்பிலீன் கவரில் பாதி வரை நிரப்பி, வாயில் பஞ்சை அடைத்துக் கட்டுங்கள். சாதாரண பாலிதீன் கவர் குக்கரில் உருகிவிடும். குக்கரில் அடியில் தட்டு வைத்து, ஆவி ஏறிய பிறகு சிறு தீயில் 30 நிமிடம். விசில் கணக்கு உதவாது, கடிகாரம் பாருங்கள்.

முழுக்க ஆறட்டும். பிறகு மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, பக்கத்தில் விளக்குச் சுடர் வைத்துக்கொண்டு, கவருக்கு 10 மில்லி தாய்க் கரைசல் (வாங்கிய சுத்தமான வளர்ப்பைக் கரைத்தது) விட்டு மறுபடி பஞ்சால் அடைத்துக் குலுக்குங்கள். வைக்கும் இடம் 25 முதல் 28 டிகிரி. கனத்த சுண்ணாம்புச் சுவரும் தரைக்கல்லும் உள்ள பழைய வீட்டின் உள்ளறை இதற்கென்றே கட்டியது மாதிரி இருக்கும். தகரக் கூரைக் கொட்டகை ஆகாது. 4-ம் நாள் வெளியிலிருந்தே பிசைந்து கட்டியை உடைத்துவிடுங்கள். 15 நாளில் தயார்.

நிறத்தைக் கவனிப்பது மிக முக்கியம். மெட்டாரைசியம் முதல் 5, 6 நாள் வெள்ளையாகவே இருந்து, பிறகுதான் பச்சைக்குத் திரும்பும். 3-ம் நாளே பச்சை தெரிந்தால் அது வேறு பூசணம். மஞ்சள் கலந்த பச்சை என்றால் ஆஸ்பர்ஜில்லஸாக இருக்கலாம். நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்குவது அதுதான். கறுப்பு, ஆரஞ்சு, புளித்த வாடை எதுவானாலும் கவரைத் திறக்காமல் மறுபடி குக்கரில் வேகவைத்துப் புதையுங்கள். நல்ல கவரைக் கையாளும்போதும் முகக்கவசம் கட்டுங்கள், பொடி மூச்சுக்கும் கண்ணுக்கும் ஆகாது.

வயலிலும் மரத்திலும் தெளிக்கும்போது

நெல்லுக்குக் கடையில் கிடைக்கும் 1.15 சதப் பெவேரியா பொடி ஏக்கருக்கு 1 கிலோ, 200 லிட்டர் தண்ணீரில். லிட்டருக்கு 5 கிராம் வரும். இலைச்சுருட்டுப்புழு 10 சத இலையைத் தொட்டதும் அடிக்க வேண்டும், புழு முற்றிய பிறகு அடித்துப் பயனில்லை.

பெவேரியா, மெட்டாரைசியம் இரண்டின் வித்தும் தண்ணீரில் நனையாது, மேலேயே மிதக்கும். கேப்பைமாவைக் கூழுக்குக் கரைப்பது போல முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து, லிட்டருக்கு 1 மில்லி காதி சோப்புக் கரைசல் சேர்த்து, அப்புறம் மீதித் தண்ணீர். வெள்ளைத் துணியில் வடிகட்டாவிட்டால் நாசில் அடைக்கும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் வேண்டாம், ஊருணித் தண்ணீர் நல்லது. கரைத்ததை அன்று சாயங்காலமே தீர்த்துவிடுங்கள்.

நேரம் மாலை 4 மணிக்குப் பிறகு. நேரடி வெயில் சில மணி நேரத்தில் வித்தைக் கொன்றுவிடும். 35 டிகிரிக்கு மேல் வளர்ச்சி நின்றுபோகும். ஆகவே நமக்குக் காலம் ஐப்பசியிலிருந்து தை வரை. பங்குனி, சித்திரையில் காய்கறித் தோட்டத்தில் அடிப்பது காசைத் தண்ணீரில் கரைப்பதுதான், அதிலும் பாசனம் செய்யாத நிலத்தில்.

தென்னை வெள்ளை ஈக்கு இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். முதலில் வெறும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி மெழுகையும் ஈயையும் கழுவிவிட்டு, பிறகு ஐசேரியா. இலை மேலே படிந்த கரும்பூசணத்துக்குக் கஞ்சித் தெளிப்பு தனி. இரசாயனம் அடித்தால் வெள்ளை ஈயைத் தின்று அடக்கி வைத்திருக்கும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து போய்விடும்.

கரையானுக்கு மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அவை ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும், செத்ததைப் புதைத்து ஒதுக்கும். வித்து விழுந்த வழியையே விட்டு விலகிப் போகவும் செய்யும்.

கெட்டுப்போகும் இடங்கள்

பூஞ்சாணக்கொல்லிதான் முதல் எதிரி. கார்பென்டாசிம், மான்கோசெப், காப்பர் ஆக்ஸிகுளோரைடு எதுவானாலும் முன்னும் பின்னும் 10 முதல் 15 நாள் இடைவெளி வேண்டும். பூஞ்சாணக்கொல்லி அடித்த டேங்கைச் சரியாகக் கழுவாமல் பெவேரியா ஊற்றுவது பலருக்குத் தெரியாமலே நடக்கும் தவறு. இரண்டாவது, கடையில் பாக்கெட் இருந்த இடம். வெயில் விழும் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தது உயிரோடு இருக்காது. காலாவதித் தேதியைவிட அந்த அலமாரியைப் பாருங்கள். மூன்றாவது, 3-ம் நாள் புழு இன்னும் ஊர்கிறதே என்று பதறி மேலேயே இரசாயனம் அடிப்பது.

வேலை செய்ததா என்று சந்தேகமா? தெளித்து ஒரு வாரம் கழித்துச் செத்த புழு 10 பொறுக்குங்கள். காய்ந்த காற்றில் பூஞ்சாணம் வெளியே பூக்காது, அதனால் பார்த்ததும் ஒன்றும் தெரியாது. டிபன் பாக்ஸில் ஈரப்பஞ்சு போட்டு, அதன்மேல் காகிதம் விரித்து, புழுவை இடைவெளி விட்டு அடுக்கி மூடி, நிழலில் வையுங்கள். 3, 4 நாளில் கால் மடிப்பிலும் வளைய இடுக்கிலும் வெள்ளைப் பஞ்சு கிளம்பினால் பெவேரியாதான் கொன்றது. கறுத்து நீர்விட்டு நாறினால் சாவுக்கு வேறு காரணம். பத்தில் ஒன்றிரண்டுதான் பூத்தது என்றால் அடுத்த தெளிப்புக்கு அதே பாக்கெட்டை எடுக்காதீர்கள்.