எல்க் வேட்டைக்கு மஸில்லோடர்: எந்தக் குண்டு, எத்தனை கஜம்?

செப்டம்பர் நடுவில் அமெரிக்காவின் கொலராடோவில், எல்க் என்ற பெரிய மானை வேட்டையாட ஒன்பது நாள் மஸில்லோடர் சீசன் வரும். ஆண் எல்க்குகள் துணை தேடி மலைச்சரிவெங்கும் கூவித் திரியும் நாட்கள் அவை. கையில் இருப்பதோ நம் ஊர் நாட்டுத் துப்பாக்கி வகை. குழல் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். இரண்டாவது தடவை சுட அநேகமாக நேரம் கிடைக்காது. எந்தக் குண்டு, எவ்வளவு தூரம் என்பதில் இரண்டு சீசன் தடுமாறிய பிறகுதான் எனக்கு ஒரு முடிவு கிடைத்தது. உரிமம் எடுப்பது, சுட்ட பிறகு குழலைக் கழுவுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் விதிப்புத்தகம்

கடைக்குப் போகும் முன் அந்த வருட விதிப்புத்தகத்தைப் படியுங்கள். கொலராடோவில் எல்க்குக்குக் குறைந்தது .50 காலிபர், அதாவது அரை அங்குல உள்விட்டமுள்ள குழல் வேண்டும். பிளாஸ்டிக் உறைக்குள் வரும் சபோ குண்டு கூடாது. குண்டின் நீளம் அதன் விட்டத்தைப் போல் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. மாத்திரை வடிவ மருந்து கூடாது, உதிரி மருந்துதான். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) கிடையாது. ஐடஹோ மாநிலத்தின் மஸில்லோடர் சீசனில் கெடுபிடி இன்னும் அதிகம்.

இதைப் படித்ததுமே, ஸ்கோப்பும் சபோவும் வைத்து 200 கஜம் சுடும் வீடியோக்களை ஒதுக்கிவிடலாம். அவை இந்தச் சீசனுக்குப் பொருந்தாது.

உருண்டையா, கூம்பா?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். குண்டின் எடையைக் கிரெய்னில் (ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன்) எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 450,240 ஆல் வகுத்தால் அடி-பவுண்டில் ஆற்றல் வரும். .50 காலிபர் உருண்டை ஈயக் குண்டு சுமார் 177 கிரெய்ன். குழல் வாயில் வினாடிக்கு 1,800 அடி வேகம் என்றால் 1,270 அடி-பவுண்டு. ஆனால் உருண்டை காற்றில் சீக்கிரம் தளர்ந்துவிடும். 100 கஜத்தில் வேகம் 1,000 அடிக்குப் பக்கத்தில் வந்துவிடும், ஆற்றல் 400 கூட இருக்காது. அதே துப்பாக்கியில் 410 கிரெய்ன் கூம்புக் குண்டு 1,350 அடியில்தான் கிளம்பும். ஆனால் 100 கஜத்தில் ஏறத்தாழ 1,100 அடி வேகமும் அதே அளவு அடி-பவுண்டும் மிச்சம் இருக்கும்.

ஆண் எல்க் சுமார் 700 பவுண்டு. தோலும் விலாவும் தடிமன். குண்டு மறுபக்கம் துளைத்து வெளியேறினால்தான் தேடிப் போக ரத்தத் தடம் கிடைக்கும். அதனால் எல்க்குக்கு என் தேர்வு 370 முதல் 460 கிரெய்ன் வரை உள்ள, தட்டை மூக்கு வைத்த, மென்மையான ஈயக் கூம்பு. உருண்டைதான் வேண்டும் என்பவர்கள் .54 எடுத்துக்கொண்டு 60, 70 கஜத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குழலின் முறுக்கையும், அதாவது குண்டைச் சுழலவிட உள்ளே வெட்டிய வரிப்பள்ளங்கள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுகின்றன என்பதையும் பாருங்கள். 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் கூம்புக்கு ஏற்றது. 60க்கு மேல் போனால் அது உருண்டைக்கான குழல். 48 என்றால் இரண்டையும் சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

குழலுக்குப் பொருந்துகிறதா?

நான் சறுக்கிய இடம் இது, ஆகவே கொஞ்சம் விரிவாக.

.50 என்று எழுதியிருந்தாலும் எல்லாக் குழலும் ஒரே அளவு அல்ல. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு வித்தியாசம் இருக்கும். குண்டிலும் அப்படித்தான். முதல் சீசனில் நான் வாங்கிய கூம்பு கட்டைவிரல் அழுத்தத்திலேயே உள்ளே போனது. கெட்டிப்பது சுலபம் என்று சந்தோஷப்பட்டேன். துப்பாக்கியைக் குழல் கீழ்நோக்கித் தொங்கவிட்டபடி காலை முழுக்க மலை ஏறினேன். மதியம் ஏதோ தோன்றிக் கோலை விட்டுப் பார்த்தால், கோலில் போட்டிருந்த குறி குழல் வாய்க்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் நின்றது. குண்டு மருந்தை விட்டு நகர்ந்திருந்தது.

அப்படியே சுட்டிருந்தால் குழல் வீங்கியிருக்கலாம், வெடித்துமிருக்கலாம். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கவே கூடாது.

இப்போது நான் செய்வது: காலிக் குழலில், மருந்து இல்லாமல், குண்டை வாயில் வைத்து அழுத்துவேன். விரலால் சும்மா உள்ளே போனால் அந்தக் குண்டு எனக்கு வேண்டாம். குண்டை வாய்க்குள் இறக்கும் குட்டைக் கோலான ஸ்டார்ட்டரால் ஒரு தட்டு தட்டிய பிறகே போக வேண்டும், வரிப்பள்ளங்களின் தடம் ஈயத்தில் விழ வேண்டும். பெரிய பெட்டி வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று அளவில் சில குண்டுகள் மட்டும் வாங்கிச் சோதியுங்கள். மருந்துக்கும் குண்டுக்கும் இடையில் எண்ணெய் ஊறிய கம்பளி வில்லை ஒன்று வைப்பேன். அதோடு, மருந்தும் குண்டும் சரியாக அமர்ந்த நிலையில் கோலில் குழல் வாய் மட்டத்துக்கு ஒரு கோடு போடுங்கள். வேட்டையில் மணிக்கொரு தரம் அந்தக் கோட்டைச் சரிபாருங்கள். மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை எடுத்துவிட்டு, குழல் வாய்க்கு நேரே முகமோ கையோ வராமல்.

கோல் விஷயத்தில், துப்பாக்கியோடு வரும் மெல்லிய கோலை நம்ப மாட்டேன். பயிற்சிக்குக் கைப்பிடி வைத்த கனமான கோல் ஒன்று தனியாக வாங்குங்கள். குறிபார்க்கும் அமைப்பில் என் ஓட்டு, துளை வழியாகப் பார்க்கும் துளைக் குறிக்குத்தான். V வடிவப் பின்குறி மங்கலான அதிகாலையில் என் கண்ணுக்கு ஒத்துவரவில்லை.

மருந்து

என் அளவு 90 கிரெய்ன், அளவுக்குழாயில் அளந்தது. உங்கள் துப்பாக்கியின் கையேடு சொல்லும் உச்சத்தைத் தாண்டாதீர்கள். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தைக் கறுப்பு மருந்துத் துப்பாக்கியில் போடவே கூடாது.

உங்கள் தூரம் எது?

100 கஜத்துக்குக் குறி சரிசெய்த என் 410 கிரெய்ன் குண்டு 50 கஜத்தில் இரண்டரை, மூன்று அங்குலம் மேலே அடிக்கிறது. 125இல் நான்கு அங்குலம் கீழே, 150இல் பத்து அங்குலம் கீழே. 125ஐத் தாண்டினால், தூரத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தாலும் நுரையீரலுக்குப் பதில் வயிறோ காலோதான் அடிபடும். காற்றும் உண்டு. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 100 கஜத்தில் இந்தக் கூம்பைச் சுமார் 4 அங்குலம் தள்ளும், .50 உருண்டையைச் சுமார் 11 அங்குலம்.

ஆனாலும் தூரத்தை இந்த எண்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். 8 அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை 50 கஜத்தில் வையுங்கள். மேசை வேண்டாம், உட்கார்ந்தோ ஊன்றுகோலில் தாங்கியோ சுடுங்கள். ஒரு நாளுக்கு ஒரே ஒரு குண்டு, குளிர்ந்த குழலில். எல்க்கைச் சுடப்போவதும் அந்த முதல் குண்டுதான். ஐந்து நாளில் ஐந்தும் தட்டில் விழுந்தால் 75க்குப் போங்கள், பிறகு 100. எந்தத் தூரத்தில் ஒன்று தப்புகிறதோ, அதற்கு முந்தைய தூரமே உங்கள் எல்லை. எனக்கு அது 100. மேசையில் வைத்துச் சுட்டபோது 150 வரை முடியும் என்று நினைத்திருந்தேன்.

அந்த எல்லைக்குள்ளும் விலங்கு பக்கவாட்டில் நிற்க வேண்டும். நேரே முகம் காட்டியோ பின்புறம் காட்டியோ நின்றால் நான் காத்திருப்பேன். அது போய்விட்டால் போகட்டும்.

பின்சேர்க்கை 1: ஒரு வாசகர், கறுப்பு மருந்துக்கு மாற்றாக விற்கும் பிளாக்ஹார்ன் 209 மருந்தைத் தராசில் 90 கிரெய்ன் நிறுத்துப் போட்டதாக எழுதியிருந்தார். இது ஆபத்து. மேலே சொன்ன 90 கன அளவு, எடை அல்ல. பிளாக்ஹார்னில் கன அளவு 100 என்பது தராசில் சுமார் 70தான் வரும். 90 நிறுத்தால் கன அளவில் 128 ஆகிவிடும், தயாரிப்பாளர் சொல்லும் 120 என்ற உச்சத்தைத் தாண்டிவிடும். நிறுப்பதென்றால் தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: முதல் குண்டு மட்டும் விலகிப் போகிறது என்று இருவர் கேட்டார்கள். குழலில் எண்ணெய் மிச்சம் இருக்கிறதா பாருங்கள். கெட்டிப்பதற்கு முன் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, காலிக் குழலில் பிரைமர் மட்டும் இரண்டு வெடித்துக் காயவையுங்கள். எனக்கு அதில் சரியானது.