கடற்கரையில் எடுத்த குடும்பப் படம் எந்த வருஷம்? ஆண்களின் உடுப்பை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

பழைய குடும்பப் படத்துக்கு ஆண்டு தேடுகிறவர்கள் முதலில் புடவையைப் பார்ப்பார்கள். புடவை பெட்டிக்குள் இருபது வருஷம் கிடக்கும். அம்மாவிடமிருந்து மகளுக்கும் போகும். ஆண்களின் சட்டை அப்படி இல்லை. துவைத்துத் துவைத்து இரண்டு மூன்று வருஷத்தில் காலர் பிய்ந்துவிடும். புதுசு தைக்கும்போது தையல்காரர் அன்றைக்கு ஓடுகிற வெட்டில்தான் தைப்பார். அதனால் மெரினாவிலோ கன்னியாகுமரியிலோ எடுத்த படத்தில் காலரும் பேண்டின் அடிப்பகுதியும்தான் நல்ல சாட்சி.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உடுப்பு "இதற்கு முன்பு இருக்காது" என்று சொல்லும். "இதற்குப் பின்பு இருக்காது" என்று சொல்லாது. தப்பான ஆண்டு எழுதப்படுவது பெரும்பாலும் இதை மறப்பதால்தான்.

படத்தைக் கையில் எடுக்கும்போது

பசைத் தாளும் பிளாஸ்டிக் மேலுறையும் உள்ள ஆல்பத்திலிருந்து படத்தை விரலால் இழுக்காதீர்கள். பசை இறுகியிருந்தால் தாள் மடிந்து வெடிப்பு விழும். பல் இடுக்கு சுத்தம் செய்யும் மெழுகில்லா நூலை மூலையில் நுழைத்து, ரம்பம் போல முன்னும் பின்னும் அசைத்து மெல்ல நகர்த்துங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அப்படியே ஸ்கேன் செய்துகொள்ளலாம். சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்கவே கூடாது. படத்தின் மேல்பூச்சான ஜெலட்டின் ஈரத்தில் ஊதிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அதைக் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்ய வேண்டும். பூஞ்சையையும் தூசியையும் ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். உலர்ந்த மென்தூரிகை போதும்.

ஸ்கேன் செய்யும்போது சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு). ஓரம் 6 செ.மீ. உள்ள சின்னச் சதுரப் படத்துக்கு 1200 வையுங்கள். அப்போதுதான் ஒரு பக்கத்துக்கு சுமார் 2800 புள்ளிகள் கிடைக்கும், காலர் முனையும் பொத்தானும் தெரியும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில் ஸ்கேன் செய்யுங்கள். மஞ்சள் கறை எது, துணியின் சாயல் எது என்று பிரித்துப் பார்க்க அது உதவும்.

அடுத்து, படம் இடம் வலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்ட படங்கள் உண்டு. ஆண் சட்டையின் பை அவருடைய இடது மார்பில், அதாவது நம் பார்வைக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். பொத்தான் பட்டியிலும் அவருடைய இடப்பக்கம் மேலே வரும். இரண்டும் மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது. பின்னணிக் கட்டடங்களையும் அதற்குத் தக்கபடி மாற்றிப் பார்க்க வேண்டும்.

படத்தில் இருப்பது நிஜக் கடல்தானா என்பதும் முக்கியம். அலையும் தென்னையும் எழுதிய திரைக்கு முன்னால் ஸ்டுடியோவில் எடுத்த படங்கள் நிறைய உண்டு. அங்கே கோட்டு ஸ்டுடியோக்காரருடையதாக இருக்கலாம். தோளில் தொளதொளவென்றோ மணிக்கட்டுக்கு மேலே ஏறியோ இருந்தால் சந்தேகப்படுங்கள். நிஜக் கரையில் காற்று காட்டிக்கொடுக்கும். வேட்டி முனை ஒரே பக்கம் பறக்கும், முடி கலைந்திருக்கும்.

யாரைப் பார்ப்பது?

தாத்தாவைப் பார்க்காதீர்கள். வயதானவர் தன் முப்பது வயது உடுப்பிலேயே கடைசி வரை இருந்துவிடுவார். குடுமி, தலைப்பாகை, கழுத்து வரை பொத்தான் போட்ட குளோஸ் கோட்டு, கீழே பஞ்சகச்சம், வெறுங்கால் என்று ஒருவர் நின்றால் 1920 என்று எழுதத் தோன்றும். அவருக்குப் பக்கத்தில் குழாய் பேண்ட் போட்ட பேரன் நின்றால் படம் 1960-களுடையது. 17 முதல் 25 வயதுக்குள் தெரிகிற, சம்பாதிக்கத் தொடங்கிய அல்லது கல்லூரிக்குப் போகிற பையனைத் தேடுங்கள். புது வெட்டு முதலில் அவன்மேல்தான் வரும்.

பையன்களின் வயதிலும் கவனம் வேண்டும். பதினான்கு வயதிலும் அரை டவுசர் போட்ட காலம் உண்டு. டவுசரைப் பார்த்து எட்டு வயது என்று கணக்குப் போட்டால் பிறந்த வருஷத்தோடு மோதும். அண்ணன் தம்பி எல்லாருக்கும் ஒரே பூப்போட்ட சட்டை என்றால், ஒரே துணிச் சுருளில் வெட்டித் தைத்த தீபாவளித் துணியாக இருக்கலாம். மெரினாவில் பின்னால் பெருங்கூட்டமும் இருந்தால் காணும் பொங்கலா என்று கேட்டுப் பாருங்கள்.

காலரிலிருந்து கால் வரை

1950-கள் வரை வெளியே போவதற்கு வேட்டியே பல வீடுகளில் இயல்பான உடை. எட்டு முழம் (சுமார் 3.6 மீட்டர்) இரட்டையாக விழுவதால் கால் தெரியாது, நாலு முழம் ஒற்றை என்பதால் எதிர்வெயிலில் காலின் நிழல் துணிக்குள் தெரியும். மேலே ஜிப்பா, அல்லது வெளியே விட்ட தொளதொளப்பான அரைக்கைச் சட்டை. கரடுமுரடாக, தடித்த மடிப்போடு விழும் துணியும் வெள்ளைக் குல்லாவும் கதரைச் சொல்லும். காந்தி மதுரையில் 1921 செப்டம்பரில் அரையாடைக்கு மாறினார். கதர் உடுத்திய ஆண்கள் தெரியும் படம் பெரும்பாலும் அந்தக் காலத்தையோ அதற்குப் பிந்தியதையோ சேர்ந்தது.

1960-களில் டெரிலின் என்ற செயற்கை இழைத் துணி வருகிறது. இதை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைச் சட்டைக்குள் பனியனின் தோள்பட்டி கோடாகத் தெரியும். பைக்குள் இருக்கும் சீட்டின் விளிம்புகூடத் தெரியும். பருத்தி மாலைக்குள் கசங்கிவிடும். டெரிலின் கடற்காற்றிலும் கசங்காமல் பளபளவென்று நிற்கும். பேண்ட் கணுக்காலை இறுக்கிப் பிடித்திருக்கும். தோளில் டிரான்சிஸ்டர் ரேடியோ தொங்கினால் அதுவும் இந்தக் காலத்தை ஒட்டியே வரும்.

1970-களைப் படிப்பது சுலபம். காலர் முனை மார்பு வரை நீண்டு நாய்க்காது போல விரிந்திருக்கும், சட்டை உடம்போடு ஒட்டியிருக்கும், கிருதா காதுக்குக் கீழே இறங்கும், பெல்பாட்டம் செருப்பையே மூடும். மணலில் நின்றால் பேண்டின் அடி ஈரத்தில் கறுத்து, வட்டமாகப் பரந்து கிடக்கும். முழங்கால் வரை சுருட்டியிருந்தால், சுருட்டலின் தடிமனைப் பாருங்கள். பெல்பாட்டம் சுருட்டினால் கால் பக்கத்தில் பெரிய பொதியாக நிற்கும். எழுபதுகளின் பிற்பகுதியில் சஃபாரி சூட்டும் சேர்கிறது. எண்பதுகளின் கடைசியில் இடுப்பில் மடிப்பு வைத்த பேகி பேண்ட், வெளுத்த ஜீன்ஸ், காலர் வைத்த டி-ஷர்ட். பெர்முடாவும் முக்கால் பேண்டும் போட்ட அப்பாக்கள் குடும்பப் படத்தில் பரவலாக வருவது 2000-க்குப் பிறகு.

ராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் எடுத்த படத்துக்கு இந்தக் கணக்கு எதுவும் ஓடாது. வெற்று மார்பு, ஈர வேட்டி, தோளில் துண்டு என்று ஆடி அமாவாசைக்கு நிற்கிறவரின் உடுப்பு எந்தப் பத்தாண்டிலும் அதேதான். அங்கே மூக்குக்கண்ணாடிச் சட்டத்தையும் கைக்கடிகாரத்தையும் படியில் வைத்த பையையும் பாருங்கள்.

வேட்டிக் கரையிலும் சறுக்குவார்கள். கறுப்பு சிவப்புக் கரை என்றால் தி.மு.க. தொடங்கிய 1949-க்குப் பிறகு என்று சொல்லலாம். ஆனால் அது கலர் படத்துக்கு மட்டும். சிவப்பை உணராத பழைய ஃபிலிமில் சிவப்பும் கறுப்பாகவே விழும்; கறுப்பு வெள்ளைப் படத்தில் கரையின் நிறத்தை வைத்துக் கட்சி சொல்ல முடியாது.

பின்னணியும் பின்பக்கமும்

உடுப்பு தந்த பத்தாண்டை இடம் குறுக்கித் தரும். மெரினாவில் உழைப்பாளர் சிலையும் காந்தி சிலையும் 1959-ல் வந்தவை. சாலையோரத்துத் தமிழறிஞர் சிலைகள் 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி நிறுவப்பட்டவை. சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம் 1977-லிருந்து. கடலைப் பார்த்து நின்றால் அது வலக்கைப் பக்கம். சாலையில் மாருதி 800 நின்றால் 1983 டிசம்பருக்கு முன்பு இல்லை. கன்னியாகுமரி இன்னும் தெளிவு: விவேகானந்தர் மண்டபம் திறந்தது 1970, பக்கத்துப் பாறையில் 133 அடி வள்ளுவர் சிலை திறந்தது 2000 ஜனவரி 1.

கடலைப் பின்னணியாக வைத்து மெரினாவில் மாலையில் எடுத்தால் வெயில் படமெடுப்பவரின் முதுகில் விழும். அதனால் அவர் நிழல் மணலில் நீளமாக விழுந்திருக்கும். முழங்கை இரண்டும் விலாவை ஒட்டி, தலை குனிந்த நிழல் என்றால் இடுப்பருகே பிடிக்கும் பெட்டிக் கேமரா. கால்கள் பிரிந்து தெரிந்தால் அவர் பேண்டில் இருந்திருக்கிறார். ஒன்றாக விழுந்தால் வேட்டியாக இருக்கலாம். படத்தில் இல்லாத ஆளின் உடுப்பையும் இப்படிப் படிக்கலாம்.

திருப்பிப் பாருங்கள். உதகையின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967-ல் உற்பத்தி தொடங்கியது. அதன் 'இந்து' முத்திரை தாளின் பின்னால் இருந்தால் அச்சு அதற்குப் பிந்தியது. அச்சைத்தான் சொல்கிறோம், பழைய நெகட்டிவைப் பின்னாளில் அச்சிட்டிருக்கலாம். படம் முழுக்கச் செம்மை ஏறிய கலர் படத்தில் நீலச்சாயம் மங்கியிருக்கிறது. அதில் பேண்டின் பழுப்பு நிறத்தை நம்ப வேண்டாம்.

பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் தோராயமாக ஒரு எண் சொல்வார்கள், பிறகு அதையே பிடித்துக்கொள்வார்கள். "இந்தச் சட்டை யார் எடுத்துக் கொடுத்தது? வேலைக்குச் சேர்ந்த பிறகா, முன்னாடியா? எங்கே தைத்தது?" என்று கேளுங்கள். முதல் சம்பளத்தில் தைத்த பேண்டை யாரும் மறப்பதில்லை.

கிடைத்ததை ஒற்றை ஆண்டாக எழுதாமல் காரணத்தோடு எல்லையாக எழுதுங்கள்: "1973–77, மெரினா, மாலை. சின்ன மாமா பெல்பாட்டம். தெற்கே கலங்கரை விளக்கம் இல்லை." பழைய தாள் படமானால் பின்பக்க ஓரத்தில் 2பி பென்சிலால், கீழே கண்ணாடித் தகடு வைத்து, அழுத்தாமல் எழுதலாம். பிளாஸ்டிக் பூச்சுள்ள கலர் தாளில் பென்சில் பிடிக்காது, பால்பாயிண்ட் மை அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டும். அதற்கு உறையின் மேல் முதலில் எழுதிவிட்டு, பிறகு படத்தை உள்ளே வையுங்கள்.