வாசிக்கத் தெரியாத குழந்தையும் தனியாக விடப்பட்ட ஆசிரியரும்: தொடக்க வகுப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் ஒன்றாம் வகுப்பு எடுத்த முதல் வருடம். கடைசி வரிசையில் ஒரு பையன் இருந்தான். கரும்பலகையில் எழுதிப்போட்டால் வகுப்பிலேயே அழகாக எழுதுவது அவன்தான். ஐந்து மாதம் அவன் நோட்டில் 'நன்று' போட்டுக்கொண்டே வந்தேன். ஒருநாள், "நீ எழுதினதைப் படி கண்ணா" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அத்தனை நாளும் எழுத்துகளைப் படம்போல வரைந்திருக்கிறான்.

பார்த்து எழுதுவதை எழுத்தறிவு என்று நம்பிவிடுவதுதான் மிகப் பரவலான தவறு. கற்றல் குறைபாடோ காது கேட்பதில் சிரமமோ உள்ள பிள்ளைகள் இந்த வரைதலுக்குப் பின்னால் பல மாதம் மறைந்துவிட முடியும். எழுதியதைச் சொல்லச் சொல்வது, பலகையை அழித்துவிட்டு அதே சொல்லை எழுதச் சொல்வது என இரண்டு நிமிட வேலையில் உண்மை தெரிந்துவிடும். அந்த இரண்டு நிமிடம் எனக்கு ஏன் ஐந்து மாதமாகக் கிடைக்கவில்லை என்று பின்னாளில் நிறைய யோசித்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் எழுத்துகளுக்கு வருவோம்.

247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்க வைப்பது

12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம். இதை முழுக்க ஒப்பித்து முடித்த பிறகுதான் சொல்லுக்குப் போக வேண்டும் என்று இன்னும் பல வகுப்புகளில் வைத்திருக்கிறோம். மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கு இது ஒரு வருடத்தைத் தின்றுவிடும். அந்த ஒரு வருடத்தில் அது ஒரு சொல்லைக்கூடப் படித்திருக்காது.

ப, ட, ம என்ற மூன்று எழுத்தையும் அவற்றின் மேல் வைக்கும் புள்ளியையும் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். படம், மடம், பட்டம், மட்டம் என நான்கு சொல் வந்துவிடும். முதல் மாதத்திலேயே 'எனக்குப் படிக்கத் தெரியும்' என்று ஒரு குழந்தை உணர்வது சின்ன விஷயமில்லை.

தமிழில் குழந்தைகள் தடுக்கி விழும் இடங்களும் ஏறக்குறைய ஒன்றேதான். 'கொ'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் என்று மூன்று துண்டு. கண்ணுக்கு முதலில் கொம்பு படுகிறது, வாயிலோ 'க்' முதலில் வர வேண்டும். இடமிருந்து வலமாகப் படி என்று நாமே சொல்லிக்கொடுத்துவிட்டு, இங்கே மட்டும் பின்னால் போகச் சொல்கிறோம். பிரெய்லில் இந்தச் சிக்கலே இல்லை. முதலில் க, அடுத்து ஒ என்று ஒலிக்கும் வரிசையிலேயே புள்ளிகள் வரும். கொம்பில் திணறும் பிள்ளைக்கும் அதே உதவியைச் செய்யலாம். க் அட்டையையும் ஒ அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சேர்த்துச் சொல்ல வைத்துவிட்டு, அதன் பிறகு 'கொ'வைக் காட்டினால் பலருக்குப் பிடிபடுகிறது.

உகர வரிசையும் அப்படித்தான். கு, து, பு, மு நான்கிலும் ஒரே ஒலிதான் சேர்கிறது, சேரும் வடிவமோ எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. துணைக்கால் போல ஒரே அடையாளம் என்று நினைத்துக்கொண்ட பிள்ளை இங்கே தவறுவது இயல்பு. அப்புறம் கல், பகல், தங்கம். மூன்றிலும் ஒரே க, ஒலி மட்டும் மூன்று விதம். இதையெல்லாம் கவனக்குறைவு என்று எழுதிவிடக் கூடாது. எந்த எழுத்தில், எந்த இடத்தில் தவறுகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்தால், அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்பது அந்தக் குறிப்பிலேயே இருக்கும்.

"பத்து தடவை எழுதிட்டு வா" என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டதைப் பத்து தடவை எழுதினால் தவறுதான் கைக்குப் பழகும்.

பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவது

சரியாகக் காது கேட்காத குழந்தை உங்கள் உதட்டையும் முகத்தையும் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்கிறது. எழுதிக்கொண்டே பேசினால் அந்தப் பாதியும் போய்விடும். உதட்டைப் பார்த்தாலும் ப, ம இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். 'பாடு' என்றீர்களா 'மாடு' என்றீர்களா என்று அதற்குத் தெரியாது. எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் பேசுவது, படத்தையோ பொருளையோ கூடவே காட்டுவது, சைகையைச் சேர்த்துக்கொள்வது ஆகியவற்றுக்கு ஒரு பைசா செலவில்லை. வகுப்பில் உள்ள மற்ற பிள்ளைகளுக்கும் இதே முறையில் பாடம் தெளிவாகப் போய்ச் சேரும்.

சான்றிதழ் வரட்டும் என்று காத்திருப்பது

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அதற்கு முன்பிருந்த 1995 சட்டத்தில் ஏழுதான். குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் இந்த 21இல் ஒன்று என்பது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்தக் குறைபாட்டுக்கான பரிசோதனை, மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயதை ஒட்டித்தான் முறைப்படி தொடங்குகிறது. அதற்கும் சின்ன வயதில் முத்திரை குத்திவிடக் கூடாது என்ற எச்சரிக்கை நியாயமானதே. "சான்றிதழ் இல்லை, அதனால் ஒன்றும் செய்ய முடியாது" என்று ஒன்று, இரண்டாம் வகுப்புகளை வீணாக்குவதில்தான் எந்த நியாயமும் இல்லை. எழுத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தர, கூடுதலாகப் பத்து நிமிடம் கொடுக்க, வாய்மொழியாகப் பதில் வாங்க யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதிக்க அனுப்புவதுதான் முதல் வேலை. கண்ணாடி போட்டதும் படிக்கத் தொடங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, நிலையைப் பெயராக்குவது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளின் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பக்கத்தை நடத்துவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. ஆனால் "அவன் அரும்பு மிஸ்" என்று பிள்ளைகளே சொல்ல ஆரம்பித்துவிட்டால் எங்கோ தவறிவிட்டோம். கதை கேட்பது, பாட்டு, விளையாட்டு இவற்றில் எல்லோரையும் கலந்து உட்கார வைக்க வேண்டும். எழுத்துப் பயிற்சிக்கு மட்டும் நிலைவாரியாகப் பிரிந்தால் போதும். சில வாரங்களுக்கு ஒருமுறை யார் எங்கே என்று மறுபடி பார்த்து மாற்றவும் வேண்டும். ஜூனில் அரும்பாக இருந்த பிள்ளை ஜனவரியிலும் யோசிக்காமல் அரும்பிலேயே இருந்தால், அது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம்.

ஆசிரியரைத் தனியாக விடுவது

அந்த இரண்டு நிமிடத்துக்கு இப்போது வருகிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, அதில் ஒரு குழந்தைக்குப் பார்வைக் குறைபாடு, இன்னொன்றுக்கு அறிவுசார் குறைபாடு, மற்றொன்று வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசும் குழந்தை என்றால், 'எல்லோரையும் உள்ளடக்குங்கள்' என்று சுற்றறிக்கை அனுப்பிவிட்டால் மட்டும் எதுவும் நடந்துவிடாது.

வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்திலிருந்து, குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்றுநர் வருகிறார். பல பள்ளிகளைச் சுற்றிப் பார்ப்பவர் அவர். வந்ததும் அந்தக் குழந்தையைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய் அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினால், அவர் திரும்பி வரும்வரை வகுப்பில் எதுவும் மாறாது. அந்த அரை மணியில் பத்து நிமிடத்தையாவது வகுப்பாசிரியரோடு செலவிட வேண்டும். இந்த வாரம் என்ன பாடம், அதில் இந்தப் பிள்ளைக்கு எதை மாற்றித் தரலாம், அட்டை என்ன அளவில் வேண்டும், யார் பக்கத்தில் உட்கார வைக்கலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தால், அவர் வராத நாட்களிலும் வேலை நடக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்கு மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்வது தலைமை ஆசிரியரின் வேலை. ஈராசிரியர் பள்ளியில் அது கஷ்டம்தான். கதைப் புத்தகங்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பேசிய நாட்கள் எனக்கு உண்டு.

வகுப்பைப் பார்க்க வரும் அதிகாரிகள் பெரும்பாலும் பதிவேட்டைப் பார்க்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர்த்த கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. ஆனால் கைப்பேசியில் விவரம் ஏற்றும் வேலை கல்விசார்ந்ததா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை, பாட நேரம்தான் அதில் கரைகிறது. வருகிறவர் பதிவேட்டை மூடிவைத்துவிட்டு, "எந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று உங்களுக்குத் தெரியவில்லை? வாங்க, சேர்ந்து பார்ப்போம்" என்று கேட்டால், ஆசிரியர் மறைக்காமல் சொல்வார். குறை சொல்லிவிடுவார்கள் என்ற பயம் இருக்கும்வரை, "எல்லாரும் படிக்கிறாங்க சார்" என்ற பதில்தான் கிடைக்கும். அந்தப் பதிலுக்குப் பின்னால் என் பழைய மாணவனைப் போல ஒருவன் வரைந்துகொண்டிருப்பான்.

பயிற்சிக் கூட்டங்களுக்கும் இதுவே பொருந்தும். நாள் முழுக்கத் திரையில் ஓடும் உரைகளைவிட, ஆளுக்கொரு குழந்தையின் நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நான்கு பேர் ஒரு நோட்டைச் சுற்றி உட்கார்ந்து, இந்தப் பிள்ளை ஏன் 'தொட்டி'யைத் 'தெட்டி' என்று எழுதியிருக்கிறது, கொம்பு வந்திருக்கிறது, துணைக்கால் எங்கே போனது என்று பேசட்டும். மறுநாள் காலை வகுப்பில் செய்து பார்க்க ஒரு வேலையோடு வீட்டுக்குப் போவார்கள்.