உறைபனி விழும் ஊரில் அரளி வளர்ப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில், வாகனப் புகையையும் சித்திரை வெயிலையும் தாங்கிக்கொண்டு பூத்துக்கிடக்கும் அரளியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அது யாருடைய கவனிப்பையும் கேட்காத செடி என்ற எண்ணம் படிந்துவிடுகிறது. வெயிலைப் பொறுத்தவரை அந்த எண்ணம் சரிதான். அமெரிக்காவின் டல்லஸ், அட்லாண்டா, ராலே போன்ற ஊர்களில் வீடு வாங்கி, பூஜைக்கும் ஆகும், கண்ணுக்கும் அழகு என்று செவ்வரளி நடுகிறவர்கள் அதே எண்ணத்தோடு நடும்போதுதான் பிழை தொடங்குகிறது. குளிர் தாங்கும் வலிமை அரளிக்கு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. கோடை முடிவில் வளர்ச்சியை அடக்கி, பச்சைக் குச்சிகளை முற்றவைத்து, செடி சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொள்ளும் வலிமை அது. பெரும்பாலான தவறுகள் இந்த வேலையைக் குறுக்கே நின்று தடுப்பவை.

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. சாதாரண அரளியின் இலைகள் மைனஸ் 5 டிகிரி செல்சியஸ் வாக்கில் கருகத் தொடங்கும். மைனஸ் 8, 9 என்று போனால் கிளைகள் சாகும். அமெரிக்காவில் ‘ஹார்டி ரெட்’, ‘ஹார்டி பிங்க்’ என்ற பெயர்களிலும், ஐரோப்பாவில் ‘வில்லா ரொமேன்’, ‘அட்லஸ்’ என்ற பெயர்களிலும் விற்கப்படும் ரகங்கள் இதைவிடச் சில டிகிரி கூடுதலாகத் தாங்கும். அவ்வளவுதான். செடி எவ்வளவு குளிரைத் தாங்கும் என்று காட்டச் சீட்டில் எழுதியிருக்கும் குளிர்நிலை எண் பெரும்பாலும் வேர் பிழைக்கும் அளவையே குறிக்கிறது. இலையும் கிளையும் அப்படியே நிற்கும் என்று அது உறுதி சொல்லவில்லை. ‘பெட்டீட்’ என்று தொடங்கும் குள்ள ரகங்கள் தொட்டிக்கு அழகானவை, ஆனால் குளிரில் நெட்டை ரகங்களைவிட நலிந்தவை. வேலி கட்டுவதற்கு அவற்றை வாங்கி ஏமாறாதீர்கள்.

டெக்சாஸில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த மாநிலத்தின் அரளித் தலைநகரம் கால்வெஸ்டன். 1841-இல் ஜோசப் ஆஸ்டர்மன் என்ற வணிகர் ஜமைக்காவிலிருந்து கொண்டுவந்த செடிகளிலிருந்து அந்தத் தீவெங்கும் அரளி பரவியது. கண்ணைப் பறிக்கும் நிறங்களில் அங்கே ரகங்கள் கிடைக்கின்றன. ஆனால் அது கடல் சூழ்ந்த ஊர். அங்கே உறைபனி அரிது. அங்கே நூறாண்டு நின்ற ரகம் என்பதற்காக டல்லஸில் ஒரு குளிர்காலத்தைத் தாண்டிவிடும் என்று கணக்குப் போட முடியாது.

மஞ்சள் பூ வேண்டும் என்று கேட்டு வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் ஊர்களில் மஞ்சள் அரளி என்றும், ஈழத்தில் மஞ்சள் அலரி என்றும் சொல்லப்படும் மணி வடிவப் பூச்செடி வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த வேறொரு செடி. பனி அதற்கு ஆகவே ஆகாது. இலையைப் பார்த்தால் போதும்: நெரியம் எனப்படும் உண்மையான அரளியில் இலைகள் ஒரு கணுவில் பெரும்பாலும் மூன்று மூன்றாக நிற்கும், மஞ்சள் அரளியில் ஒல்லியான பளபளப்பான இலைகள் ஒன்று மாற்றி ஒன்றாக வரும். அதேபோல், ஊருக்குப் போய்த் திரும்பும்போது அம்மா வீட்டு அரளியின் போத்து ஒன்றை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருவதும் தவறு. சட்டப்படியும் தவறு. ஐரோப்பிய ஒன்றியம் 2019 டிசம்பர் 14 முதல் பயணிகள் கொண்டுவரும் செடிகளுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்கிறது. அமெரிக்காவும் நடுவதற்கான செடிகளை உரிய சான்றின்றி அனுமதிப்பதில்லை. பாசம் புரிகிறது. ஆனாலும் அந்த ஊரிலேயே பல குளிர்காலம் கண்டு நிற்கும் செடியிலிருந்து போத்து எடுத்தால்தான் உங்கள் தோட்டத்தில் நிலைக்கும். அரளிக் குச்சி வெறும் தண்ணீரிலேயே வேர் விடும் என்பதால் அண்டை வீட்டாரிடம் கேட்பதில் சிரமமும் இல்லை.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தெற்கு நோக்கிய செங்கல் அல்லது கல் சுவரின் ஓரம், குறைந்தது ஆறு மணி நேர வெயில், தண்ணீர் தேங்காத மண். தோட்டத்தின் தாழ்வான மூலையில் குளிர்ந்த காற்று இறங்கி நிற்கும், அங்கே வேண்டாம். நடும் காலம் வசந்தம். செப்டம்பர், அக்டோபரில் நர்சரிகள் பாதி விலைக்குக் கழிக்கும் செடிகள் ஆசை காட்டும். ஆனால் வேர் பிடிக்காத செடி முதல் உறைபனியிலேயே போய்விடும், பாதி விலையும் வீண்தான்.

இனி, நல்ல ரகத்தை நல்ல இடத்தில் நட்ட பிறகும் செடியை இழக்க வைக்கும் தவறுக்கு வருகிறேன். அது ஆகஸ்டுக்கும் நவம்பருக்கும் இடையில் நடக்கிறது. அமெரிக்கப் புறநகர் வீடுகளில் இலையுதிர் காலத்தில் புல்தரைக்கு உரம் போடுவது வழக்கம். அந்த உரத்தில் தழைச்சத்து மிகுதி. உரம் தூவும் வண்டி புல்லோடு நிற்பதில்லை. ஓரத்தில் நிற்கும் அரளியின் வேருக்கும் ஒரு பங்கு போகிறது. செடி தளதளவென்று புதுக்குருத்து விடுகிறது. வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி. அந்தக் குருத்துகள் முற்றுவதற்கு முன்பே டிசம்பர் வந்துவிடும். குருத்திலிருந்து தொடங்கும் கருகல் கிளை வழியாக இறங்கி, முற்றிய கட்டை வரை போகும். ஆகஸ்டு இறுதிக்குப் பிறகு அரளிக்கு எந்த உரமும் வேண்டாம். புல்லுக்குப் போடும்போதும் அரளியின் கிளைவிரிவைத் தாண்டி ஒரு முழமாவது இடைவெளி விடுங்கள்.

கவாத்தும் அப்படித்தான். கோடைப் பூ முடிந்ததும் செடியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று செப்டம்பரில் கத்தரியை எடுப்பார்கள். அரளியை எங்கே வெட்டினாலும் வெட்டுக்குக் கீழே இரண்டு மூன்று துளிர்கள் கிளம்பும்; காலம் தவறிய உரம் செய்யும் கேட்டையே இதுவும் செய்யும். உறைபனி விழும் ஊரில் பெரிய கவாத்து வசந்தத்தில், பனிப் பயம் நீங்கிய பிறகு. வாடிய பூங்கொத்தைக் காம்போடு கிள்ளி எறிவதும் இங்கே கேடு. நெருங்கிப் பார்த்தால் அந்தக் கொத்தின் நுனியிலேயே மிளகளவு மொட்டுகள் காத்திருக்கும். கோடை குறுகிய ஊர்களில் அவைதான் அடுத்த ஆண்டு முதலில் மலர்பவை. உதிர்ந்த இதழை உதறிவிடலாம், நீண்ட விதைக்காய்களை நீக்கலாம், கொத்தை விட்டுவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு திசையிலும் தவறு நடக்கிறது. அரளி வறட்சியைத் தாங்கும். ஆனால் வறட்சி அதற்கு விருப்பமானது அல்ல. மொராக்கோவிலும் ஜோர்தானிலும் அது இயற்கையாக வளர்வது காட்டாற்றுப் படுகைகளில். தலையில் கொளுத்தும் வெயில், காலடியில் மண்ணுக்குள் நீர் என்பதுதான் அதன் பிறந்த வீட்டு நிலைமை. எனவே ஜூன், ஜூலையில் தாராளமாகத் தண்ணீர் விட வேண்டும். பூ அப்போதுதான் குலைகுலையாக வரும். செப்டம்பரில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள்: கோடையில் காயவிட்டு, தானியங்கித் தெளிப்பானை நவம்பர் வரை ஓடவிடுகிறார்கள். குளிரும் ஈரமும் சேர்ந்தால் வேர் அழுகும். அதேசமயம் இது இலை உதிர்க்காத செடி. குளிர்காலக் காற்றிலும் இலை வழியாக நீரை இழக்கும். மழையே இல்லாத குளிர்காலத்தில், மண் உறையாத நாளாகப் பார்த்து எப்போதாவது ஒருமுறை நீர் விடுவது நல்லது.

மூடி வைக்கும்போது பிளாஸ்டிக் தாளை இலை மேலே போர்த்தாதீர்கள். தாள் தொடும் இலையெல்லாம் உறையும். மறுநாள் வெயில் அடித்தால் உள்ளே வெந்துவிடும். காற்று புகும் துணி போதும், பகலில் அதையும் விலக்கிவிட வேண்டும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் காப்பாற்ற வேண்டியது தூரைத்தான். காய்ந்த இலை அல்லது பைன் சருகை ஒரு சாண் உயரத்துக்கு மூடாக்காகக் குவியுங்கள். தண்டை ஒட்டி இறுக்காமல் சற்று விட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கொடுங்குளிர் வரலாம். 2021 பிப்ரவரியில் டல்லஸில் வெப்பநிலை மைனஸ் 19 டிகிரி வரை இறங்கியது. டெக்சாஸின் பல ஊர்களில் அரளிகள் தரை வரை கருகின. மார்ச்சில் பழுப்பேறி நின்ற செடிகளைப் பார்த்து, செத்துவிட்டது என்று வேரோடு தோண்டியவர்கள் ஏராளம். பொறுத்திருந்தவர்கள் பலருக்குத் தூரிலிருந்து புதுத்துளிர் கிளம்பியது. கருகிய இலையை வைத்து முடிவு கட்டக் கூடாது. வசந்தம் நன்றாக நிலைத்த பிறகு, கையுறை அணிந்து, குச்சியை நகத்தால் அல்லாமல் கத்தியால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரியும் இடம் வரை உயிர் இருக்கிறது. அதற்கு மேலே வெட்டலாம். எங்குமே பச்சை இல்லையென்றால் தரையளவில் வெட்டிவிட்டு ஜூன் வரை காத்திருங்கள். தூரிலிருந்து எழும் குருத்துகள் அந்த ஆண்டு தாமதமாகப் பூக்கலாம், அல்லது மறு ஆண்டுதான் பூக்கும். பூக்கவில்லையே என்று உரத்தைக் கொட்டினால் மறுபடியும் பழைய கதைதான்.

இலை ஓரம் கருகுவதெல்லாம் குளிரால் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோடையில், தண்ணீர் இருந்தும், ஒவ்வொரு கிளையாக இலைகள் ஓரத்திலிருந்து காய்ந்தால் அது சைலெல்லா என்ற பாக்டீரியா நோயாக இருக்கக்கூடும். தென் கலிபோர்னியாவில் அரளி வேலிகளை அழித்த நோய் அது. மருந்து இல்லை, செடியை அகற்றத்தான் வேண்டும். தண்டிலும் பூக்காம்பிலும் கரிய முண்டுகள் கண்டால் அது வேறொரு பாக்டீரியா. நோயுள்ள பகுதியை நன்றாகக் கீழே தள்ளி வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஆல்கஹாலால் துடையுங்கள். அந்தச் செடியிலிருந்து போத்து எடுக்க வேண்டாம்.

சூரிச், பாரிஸ், டார்ட்மண்ட் பக்கம் இருப்பவர்கள் தொட்டியில்தான் வளர்ப்பார்கள். அங்கே பெருந்தவறு, அக்டோபர் தொடக்கத்திலேயே செடியைச் சூடேற்றிய வரவேற்பறைக்குள் கொண்டுவருவது. செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும் சிலந்திப் பேனும் அந்தச் சூட்டில் பெருகும். லேசான உறைபனியைத் தொட்டிச் செடியும் தாங்கும். முடிந்தவரை தாமதமாக உள்ளே எடுத்து, 5 முதல் 10 டிகிரி வரையுள்ள வெளிச்சமான மாடிப்படியிலோ கண்ணாடித் தாழ்வாரத்திலோ வைத்து, முடிந்தவரை சீக்கிரம் வெளியே வைக்க வேண்டும். முதல் சில நாள் நிழலில். மழை மிகுந்த கோடை என்றால் அடுக்கு அரளியைத் தவிருங்கள். மொட்டுகள் திறக்காமல் ஒட்டிக்கொண்டு அழுகும். ஒற்றை அரளி மழையிலும் பூக்கும்.

அரளியின் இலை, பூ, வேர், பால், விதை எல்லாமே நஞ்சு. இதயத் துடிப்பையே குலைக்கும் நஞ்சு. பூஜைக்காக வளர்ப்பவர்கள் பூவைச் சாமி படத்துக்குச் சாத்துவதோடு நிறுத்துங்கள், நைவேத்தியத் தட்டில் வைக்க வேண்டாம். 2024 மே மாதம் கேரளத்தின் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைப் பயன்படுத்துவதை நிறுத்தியது. குளிரில் கருகிய கிளைகளை வெட்டிக் குவித்த பிறகுதான் ஆபத்து இன்னும் அதிகம். காய்ந்தாலும் நஞ்சு போகாது. உதிர்ந்த சருகைக் குதிரையும் ஆடும் நாயும் தின்றுவிடக்கூடும். கொல்லையில் தீ மூட்டும் குழியில் அந்தக் குச்சிகளை எரிக்காதீர்கள், புகையும் கேடு. இறைச்சி சுடும் அடுப்புக்கு அருகே கொண்டுபோகவே கூடாது. கட்டாகக் கட்டி, நகராட்சிக் கழிவு வண்டி எடுக்கும் நாளில் வெளியே வையுங்கள்; குழந்தைகள் இருக்கும் வீடானால் அதுவரை பூட்டிய கொட்டகையில் இருக்கட்டும்.